இடுக்கில் ஒரு தோணி

அத்தியாயம் 14

படகை ஓட்டப்போவது இளைய மருமகன்தான் என்று றஊப் ஹாஜியார் எல்லாருக்கும் முன்னால் சொல்லி இன்றோடு ஆறு நாள். அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோன மூத்த மருமகன் அஷ்ரப், மறுநாளிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டான், ஒழுங்காகத் தூங்கினான், எதிர்ப்பட்டவர்களைப் பார்த்து ஒழுங்காகச் சிரித்தான். அவன் மனைவி ஸுல்பிகா அவன்மேல் ஒரு கண் வைத்திருந்தது அதனால்தான்.

இன்று வெள்ளோட்டம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து வந்த அஷ்ரப், குசினி வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தான். ஒரே வளவுதான், இடையில் ஒரு மாமரமும் கிணறும். அந்த வீட்டு விறாந்தையில் மாமா கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இளைய மருமகன் றிகாஸ், ஃபோனில் எதையோ காட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மாமா சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கும். அஷ்ரப்புக்கு அந்தச் சிரிப்பு மனப்பாடம். பதினொரு வருஷம் அது அவன் விறாந்தையில் குலுங்கிய சிரிப்பு.

கிண்ணியாவில் பெண்பிள்ளைக்குத்தான் வீடு. மூத்தவளுக்குக் கலியாணம் என்றால் தாய் தகப்பன் இருக்கும் வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொள்வார்கள். இளையவளுக்கு முறை வரும்போது அதே வளவில் இன்னொரு வீடு எழும்பும். பெற்றவர்கள் கட்டில் அலுமாரியோடு அந்த வீட்டுக்கு மாறிப்போவார்கள். யாரையும் யாரும் கைவிட்டதாக அர்த்தமில்லை, ஊர் வழக்கம் அப்படி.

அஷ்ரப்புக்கு இது தெரியாததா? தெரிந்து என்ன செய்ய. நான்கு மாதத்துக்கு முன்னால் மாமாவின் கட்டிலின் ஒரு பக்கத்தை அவனே பிடித்து எதிர்வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனான். மறுபக்கத்தைப் பிடித்தவன் றிகாஸ். கட்டிலை இறக்கி வைத்த இடத்திலேயே அவன் நெஞ்சில் ஏதோ ஏறி உட்கார்ந்துவிட்டது, அது இன்னும் எழும்பவில்லை.

இப்போது படகும் போய்விட்டது.

விஷயம் என்னவென்றால், கிண்ணியாத் துறையிலிருந்து ஆற்று வழியே மேலே போய் வில்லு வரைக்கும் உல்லாசப் பயணிகளைப் படகில் கூட்டிப்போகும் பாதையை இந்த வருஷம் திறக்கிறார்கள். ஆற்றை ஒட்டிய பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும் பெரிய ஏரியைத்தான் எங்கள் பக்கம் வில்லு என்போம். தாமரையும் கொக்கும் நாரையுமாக அது பாட்டுக்குக் கிடந்த இடம். இனிமேல் வெள்ளைக்காரர்கள் வந்து படம் பிடிக்கப் போகிறார்கள். அதற்கான அனுமதி ஒரே ஒரு வீட்டுக்குத்தான். கீர்த்தனி மிஸ் என்கிற அதிகாரி அன்புவழிபுரத்திலிருந்து வந்து தானே படகில் ஏறிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் அனுமதி ஹாஜியார் வீட்டுக்கு. இல்லையென்றால் அடுத்து வரிசையில் நிற்கிற கடற்கரை ஹோட்டல்காரனுக்கு. அனுமதிப் பத்திரத்தில் படகோட்டி என்று ஒரு பெயர் போட இடம் இருந்தது.

அந்த ஆற்றில் எந்த வளைவில் சேறு, எந்த வளைவில் முதலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவன் அஷ்ரப். மாமாவோடு இறால் பிடித்திருக்கிறான், நெல் மூட்டை ஏற்றியிருக்கிறான், ஒரு வெள்ளத்தில் ஆடு மாடுகூட ஏற்றியிருக்கிறான். றிகாஸ் மூதூர்க்காரன். மாலைதீவில் ஐந்து வருஷம் ஹோட்டல் படகு ஓட்டியவன். கையில் லைசன்ஸ், வாயில் மூன்று பாஷை. மாமா நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்திருப்பார். அது அஷ்ரப்புக்கும் விளங்கியது, விளங்கியதால்தான் கூடுதலாக எரிந்தது.

அவனுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். துறையில் நின்று, வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட வேண்டும்.

நேற்று மத்தியானம் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக ஏலாது.

தம்பலகாமத்து வயல் பக்கம் போன அஷ்ரப்பை, தம்பிராசா அண்ணன் கூப்பிட்டு நிறுத்தினார். வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் வட்டவிதானை அவர். மழை குறைந்த சிறுபோகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆற்றுப் பக்க மதகுக் கதவைப் பூட்டப்போவதாகச் சொன்னார். மேட்டு வயல்களுக்கு மூன்று நாள் தண்ணீர் முறை.

"பத்து மணிக்கெல்லாம் இடுக்கில முழங்கால் தண்ணிதான் தம்பி நிக்கும். உங்கட போட் போகாது. மாமாட்ட மறக்காமச் சொல்லிப்போடுங்க. நாள மாத்தச் சொல்லுங்க, இல்லாட்டி எனக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்க."

ஆறும் வில்லும் சேருகிற ஒடுங்கின வாய்க்குத்தான் இடுக்கு என்று பெயர். இரண்டு படகு அகலம், இரண்டு பக்கமும் நாணல், அடியில் சேறு. தண்ணீர் குறைந்தால் இஞ்சின் படகு அதில் ஆப்பு அடித்த மாதிரி நின்றுவிடும்.

அஷ்ரப் சொல்லத்தான் போனான், பொய்யில்லை. வழி முழுக்க அதே நினைப்பாகத்தான் வந்தான். வந்து பார்த்தால், துறையில் படகுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தான் றிகாஸ். நீல எழுத்தில் 'ஷிஃபானா'. இளையவளின் பெயர், அதாவது றிகாஸின் மனைவியின் பெயர். பக்கத்தில் மாமா பெயின்ற் டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு, பிள்ளை மாதிரிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொரு வருஷத்தில் மாமா அவனுக்கு ஒரு டின்னும் பிடித்ததில்லை. ஸுல்பிகா என்று ஒரு மூத்த மகள் இருப்பதும் அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

வாய் வரைக்கும் வந்த வார்த்தையை அஷ்ரப் அப்படியே விழுங்கினான்.

பின்னேரம் றிகாஸ் அவன் வீட்டுக்கே வந்தான். கடல் பெருகும் நேரம், வற்றும் நேரம் எல்லாம் ஃபோனில் பார்த்துவிட்டதாகச் சொன்னான். "இருந்தாலும் உங்களிட்ட ஒருக்காக் கேக்கணும் நானா. இடுக்கில போட் போகத் தண்ணி காணுமா?" என்று கேட்டான். அண்ணன் முறைக்காரரை எங்கள் பக்கம் நானா என்போம். கடலின் கணக்கு வேறு, கதவின் கணக்கு வேறு. மாலைதீவில் வட்டவிதானை இல்லை. பாவம், அவனுக்கு எங்கே தெரியும்.

"ஃபோன் சொல்லுது தானே. பிறகு என்ன" என்றான் அஷ்ரப்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த ஸுல்பிகா தட்டை மேசையில் வைத்தாள். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

இன்று விடிய, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தன் தோணியை எடுக்கப் புறப்பட்டவனை அவள் வாசலில் மறித்தாள். எங்கே என்றாள். தம்பலகாமத்தில் ஓர் அலுவல் என்றான். லைஃப் ஜாக்கெட் யார் மாட்டுவது என்றாள். அதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, மாலைதீவுக்காரனே மாட்டட்டும் என்றான்.

"வாப்பா எங்களையும் போட்ல வரச் சொல்லி இரிக்கார். நானும் வாறன், மகளும் வாறா" என்று அவள் மெல்லச் சொன்னாள். "வழியில ஒரு கரச்சலும் இல்லையே?"

அஷ்ரப் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு கரச்சலும் இல்ல" என்றான்.

அவன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். மூழ்குகிற தண்ணீர் அல்ல, முழங்கால் தண்ணீர். யாருக்கும் ஒன்றும் ஆகாது. றிகாஸுக்கு மட்டும் ஆகும்.

ஒன்பது மணிக்கெல்லாம் இடுக்குக்கு வந்து, நாணல் ஓரமாகத் தோணியை ஒதுக்கினான். தோணிக்குள் நாற்பது முழம் புதுக் கயிறு சுருட்டி வைத்திருந்தான். படகு சேற்றில் பிடிபட்டதும் றிகாஸ் அந்த வெள்ளைக் காற்சட்டையோடு இறங்கித் தள்ளுவான். தள்ளத் தள்ள இன்னும் புதையும். கீர்த்தனி மிஸ் கடிகாரத்தைப் பார்ப்பார். மாமாவின் முகம் சுருங்கும். சரியாக அந்த நேரத்தில் அஷ்ரப் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வளைவுக்குள்ளிருந்து வருவான். கோபப்படமாட்டான், குத்திக் காட்டவும் மாட்டான். கயிற்றை எறிந்து, "பிடிங்க றிகாஸ், இந்த ஆறு அப்பிடித்தான்" என்று மட்டும் சொல்வான். மிஸ் அந்த இடத்திலேயே பெயரை மாற்றி எழுதுவார்.

ஹோட்டல்காரன் ஒருவன் வரிசையில் நிற்கிறான், கூத்து முற்றினால் அனுமதி வீட்டை விட்டே போய்விடும் என்ற யோசனையும் வராமல் இல்லை. வந்தது. அதைக் கொசுவைத் தட்டுகிற மாதிரித் தட்டிவிட்டான். பொறாமை பிடித்தவனுக்கு அந்தக் கை மட்டும் நன்றாக வேலை செய்யும்.

சொல்ல வேண்டிய வசனத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான். 'றிகாஸ்' என்பதைவிட 'தம்பி' என்றால் கூடுதலாகச் சுடும் என்று பட்டது. அதில் மும்முரமாக இருந்ததால் ஒன்றைக் கவனிக்கத் தவறினான். ஒன்பதரை ஆயிற்று, பத்து ஆயிற்று, பத்தரையும் ஆயிற்று. நாணல் தண்டில் இருந்த ஈரக்கோட்டுக்குக் கீழே தண்ணீர் ஒரு விரல்கூட இறங்கவில்லை. கம்பை விட்டுப் பார்த்தபோது இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இருந்தது. கதவு பூட்டியிருந்தால் இப்படி நிற்காதே என்று அவன் திடுக்கிட்டு நிமிரவும், இஞ்சின் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

படகு வளைவு திரும்பி வந்தது. றிகாஸ் வேகத்தைக் குறைத்து, இஞ்சினைப் பாதி தூக்கி, நாணலில் ஒரு தண்டும் முறியாமல் நடுவால் கொண்டுவந்தான். நன்றாகத்தான் ஓட்டினான். அதைப் பார்க்க அஷ்ரப்புக்குக் கண் எரிந்தது. தோணியை நாணலுக்குள் இழுத்து ஒளிப்போமா என்று ஒரு கணம் பார்த்தான். அதற்குள் ஒன்பது வயது மகள் பஸ்மியா கண்டுவிட்டாள்.

"உம்மா, வாப்பா!"

படகிலிருந்த எல்லாத் தலையும் திரும்பியது. கீர்த்தனி மிஸ், மாமா, ஷிஃபானா, மகளின் தோளைப் பிடித்தபடி ஸுல்பிகா. தம்பலகாமத்தில் அலுவல் இருக்கிற மனிதன், இடுக்கு ஓரம் கால்மாட்டில் நாற்பது முழம் கயிற்றை வைத்துக்கொண்டு குந்தியிருந்தான்.

றிகாஸ் அவனைப் பார்த்தான், கயிற்றையும் பார்த்தான். பிறகு மிஸ் பக்கம் திரும்பி, சாதாரணமாகச் சொன்னான்.

"அது எங்கட பாதுகாப்புத் தோணி மிஸ். இந்த இடம்தான் பாதையில ஒடுக்கம். ஏதும் எண்டா இழுத்து எடுக்க எண்டு அஷ்ரப் நானா விடியவே வந்து நிக்கிறார்."

கீர்த்தனி மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுவரைக்கும் மூன்று இடத்தில் வெள்ளோட்டம் பார்த்ததாகவும், இப்படி ஆள் நிறுத்தியதை இங்கேதான் காண்பதாகவும் சொன்னார். ஃபோனை எடுத்து அஷ்ரப்பை ஒரு படமும் எடுத்தார். அவன் சிரித்தான். சிரிக்காமல் வேறு என்ன செய்ய. அந்தப் படத்தைப் பிறகு யாராவது பார்த்தால், பல்வலிக்காரன் என்றுதான் நினைப்பார்கள்.

படகு கடந்து போகும் வரைக்கும் மாமா மட்டும் அந்தப் புதுக் கயிற்றையே பார்த்துக்கொண்டு போனார்.

வில்லில் தாமரை பூத்துக் கிடந்தது. கரையில் பாய் விரித்துச் சாப்பாடு. தோணியைத் தள்ளிக்கொண்டு அஷ்ரப்பும் பின்னால் போய்ச் சேர்ந்தான், போகாமல் இருந்தால் இன்னும் கதையாகிவிடும். அங்கே கீர்த்தனி மிஸ் அனுமதியை இந்த வீட்டுக்கே எழுதுவதாகச் சொல்லிவிட்டார். ஒரு திருத்தம் மட்டும். படகோட்டி என்று றிகாஸின் பெயர், அதற்குக் கீழே பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று புதிதாக ஓர் இடம் போட்டு அஷ்ரப்பின் பெயர். திங்கட்கிழமை இரண்டு பேரும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஷிஃபானா நானாவுக்கு என்று பெரிய மீன் துண்டாக எடுத்து வைத்தாள். அஷ்ரப் அதைத் தொடாமல் தோணிக்குத் திரும்பிப்போய் அதன் விளிம்பில் இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஸுல்பிகா ஒரு கோப்பையில் தயிரோடு வந்தாள். அவனுக்குப் பக்கத்தில் இருக்கவில்லை, நின்றுகொண்டே கதைத்தாள்.

"நேத்து அசர் தொழுகைக்குப் பிறகு தம்பிராசா அண்ணன்ட வீட்டுக்காரி நல்லம்மாக்கா ஃபோன் எடுத்தவ. தயிர் எத்தின முட்டி வேணும் எண்டு கேக்க. கதவு பூட்டுற விஷயத்தையும் அவதான் சொன்னவ. உங்களிட்டத் தம்பிராசா அண்ணன் சொல்லிவிட்டாராம் எண்டும் சொன்னவ."

அஷ்ரப் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க வாப்பாட்டச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். றிகாஸ் வந்து கேக்கக்குள்ளயாச்சும் சொல்லுவீங்க எண்டு நிண்டனான். சொல்லல்ல. பிறகுதான் நான் தம்பிராசா அண்ணனுக்கு எடுத்தன். மூண்டு மணிக்குப் பிறகு பூட்டுறன் எண்டவர். நாங்க அதுக்குள்ள திரும்பிப்போடணும்."

"விடியவும் கேட்டாய்" என்றான் அவன், குரல் எழும்பாமல்.

"ஓம். விடியவும் கேட்டனான். மகளும் போட்ல வாறா எண்டு சொல்லியும் கேட்டனான்."

அஷ்ரப் கை நீட்டித் தயிர்க் கோப்பையை வாங்கினான்.

தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாமல், றிகாஸுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டான். நேற்றே சொல்லிவிட்டேன் என்றாள். அவன் என்ன சொன்னான் என்று கேட்டான்.

"'நானாக்கு மறந்திரிக்கும் ராத்தா, மாமாட்ட இதச் சொல்லவேணாம்' எண்டவர்."

அஷ்ரப் தயிர்க் கோப்பையைக் கீழே வைத்தான். மாமாவின் பக்கத்தில் இருக்கிற கதிரைக்குப் பொறாமைப்பட்டிருக்கிறான், லைசன்ஸுக்குப் பட்டிருக்கிறான், ஒரு டின் பெயின்ற்றுக்குக்கூடப் பட்டிருக்கிறான். அதெல்லாம் தாங்கக்கூடியது. றிகாஸ் எல்லாம் தெரிந்துகொண்டே அத்தனை பேருக்கும் முன்னால் தன்னைக் காப்பாற்றினான் என்பதை மட்டும் தாங்க முடியவில்லை. அந்த நல்ல குணம் தனக்கு இல்லாமல் அவனுக்கு இருக்கிறதே என்று, வெட்கத்துக்கு நடுவிலும் ஓர் எரிச்சல் எரிந்தது. தன்னைத் தானே அறையலாம் போல இருந்தது அவனுக்கு.

இரண்டு மணிக்குப் புறப்பட்டார்கள். மிஸ்ஸை ஏற்றி, பெண்களையும் பிள்ளையையும் ஏற்றி, றிகாஸ் இஞ்சினை இழுக்கப் போகும் நேரம், மாமா படகில் கால் வைக்காமல் நின்றார்.

"நீங்க முன்னுக்குப் போங்க" என்று அவனிடம் சொன்னார். "நான் மூத்த மருமகன்ட தோணியில வாறன்."

நான்கு மாதத்துக்குப் பிறகு மாமா அவன் தோணியில் ஏறுகிறார். ஆறு நாளைக்கு முன்னால் என்றால் அஷ்ரப் ஊரைக் கூட்டியிருப்பான். இப்போது கம்பை மட்டும் ஊன்றித் தள்ளினான். மாமா முன்பக்கம் பார்த்து இருக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தபடி திரும்பி இருந்தார். காலடியில் கயிறு கிடந்தது.

படகின் சத்தம் தேய்ந்து மறைந்தது. நாணல் இரண்டு பக்கமும் நெருங்கி வந்த பிறகுதான் கேட்டார்.

"இது தண்ணி முறை மாறுற கிழமை, மகன். நாப்பது வருஷமா எனக்குச் சொல்லாமத் தம்பிராசா கதவுல கை வச்சதில்ல. இந்த முறை யாரிட்டச் சொல்லிவிட்டவர்?"

அஷ்ரப் கம்பை இழுக்காமல் நின்றான். மறந்துவிட்டேன் என்று ஒரு சொல் போதும், மாமா நம்பிவிடுவார், திங்கட்கிழமை கையெழுத்தும் வைக்கலாம். அந்தச் சொல்லையும் றிகாஸ்தான் அவனுக்காக நேற்றே எடுத்து வைத்திருந்தான்.